ஜென்னுக்குள் எஸ்டீம்

விடுமுறைக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேரன், ஷெட்டில் நின்ற என் காரின் பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நேராகத் திண்ணைக்கு வந்தான். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன்.

"தாத்தா, இது ஜென் எஞ்சினே இல்லையே!"

"ஆமாம்டா. எஸ்டீம் எஞ்சின்."

"சூப்பர் தாத்தா! இந்த வண்டிய எனக்குக் குடுத்துடுங்களேன்."

அன்று நான் பதில் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த எஞ்சினைப் பற்றி வெளியில் பேசாமல் இருந்தவன் நான். இப்போது பேசித்தான் ஆகவேண்டும்.

1997-ல் பி.எஃப். லோன் போட்டு வாங்கிய வெள்ளை மாருதி ஜென். வீடு பெரம்பலூரில், வேலை அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் வாகனப் பிரிவில். போக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், வர அதே முப்பது. அரியலூர் 2001-ல் தனி மாவட்டமானது, 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007-ல் திரும்பவும் பிரிந்தது. நான் மட்டும் அதே ரோட்டில் போய்க்கொண்டே இருந்தேன்.

ஜென் எஞ்சின் 993 சிசி, ஐம்பது குதிரைத்திறன். வண்டியின் எடை சுமார் 730 கிலோ. எஸ்டீமின் எஞ்சின் 1298 சிசி, கார்புரேட்டர் மாடலில் 65 குதிரைத்திறன். ஆனால் எஸ்டீம் கார் ஜென்னைவிட நூறு கிலோவுக்கு மேல் கனம். அந்த எஞ்சினை இந்தச் சின்ன உடம்புக்குள் வைத்தால் ஒரு டன் எடைக்கு 68 குதிரை இருந்த இடத்தில் 89 ஆகிறது. கணக்குப் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டும் சுஸுகியின் ஒரே குடும்பத்து எஞ்சின்கள், பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வெளிநாட்டில் இதே குடும்பத்து 1.3 எஞ்சினில் இரட்டை கேம் ஷாஃப்ட் போட்டு சுஸுகியே ஸ்விஃப்ட் ஜி.டி.ஐ. என்று விற்றது. ஃபோக்ஸ்வாகன் 1976-ல் கோல்ஃப் ஜி.டி.ஐ. கொண்டுவந்ததும், அதற்கு முன்னால் மினி கூப்பர் 1964-ல் மான்டி கார்லோ ரேலியில் பெரிய பெரிய கார்களை ஜெயித்ததும் இதே யோசனைதான். சின்ன வண்டி, குறைந்த எடை, தகுதிக்கு மீறிய எஞ்சின்.

எஞ்சின் மாற்றுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. பெட்ரோலில் ஓடிய ஃபார்கோ, செவர்லே லாரிகளில் சென்னை சிம்ப்சன் கம்பெனியின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டிய காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு அம்பாசிடர், ஃபியட் டாக்சிகளெல்லாம் டீசலுக்கு மாறின. டீசல் விலை பாதிக்குக் கிட்டே இருந்தால் எவன்தான் மாற்றமாட்டான்? சென்னையில் மீன்பாடி வண்டி என்று ஒன்று ஓடியதே, மூணு சக்கர சைக்கிள் வண்டியில் பழைய ஸ்கூட்டர் எஞ்சின்! அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தது. நான் செய்தது ஆசைக்காக.

அந்த ஆசைக்கும் ஒரு விதை உண்டு. ஐ.டி.ஐ. முடித்துச் சென்னையில் அப்ரண்டிஸாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சோழவரம் ரேஸுக்குப் போனேன். யுத்த காலத்து விமான ஓடுதளம், பிப்ரவரி வெயில், மண்டையைப் பிளக்கும் சத்தம். தெருவில் பால்காரர் மாதிரி நிதானமாகப் போகும் ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே வேறு ஜாதி மிருகமாக இருந்தன. திரும்பி வரும்போது காதில் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. எத்தனையோ வருஷம் அது நிற்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

2001-ல் திருச்சியில் ஒரு தெரிந்தவரின் எஸ்டீமைப் பின்னாலிருந்து லாரி இடித்து நசுக்கிவிட்டது. முன்பக்கம் கீறல்கூட இல்லை. எஞ்சினை மட்டும் விலை பேசி வாங்கினேன். எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர், எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம், "ஏண்ணே, நல்லா ஓடுற வண்டிய எதுக்கு ஆபரேஷன் பண்றீங்க?" என்று இரண்டு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் ஸ்பேனரை எடுத்துவிட்டார். ஐந்து ஞாயிற்றுக்கிழமை வேலை. இரண்டு மவுண்ட்டை அறுத்து வெல்டு வைத்தோம். ஏர் ஃபில்டர் டப்பா பானட்டில் இடித்தது. பழைய ரேடியேட்டர் போதவில்லை. முன் சக்கரத்துக்கு எஸ்டீமின் டிஸ்க்கையே போட்டோம். பின்னால் இருந்த டிரம் பிரேக் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். பணம் தீர்ந்திருந்தது, பொறுமையும்தான். டயரை மட்டும் அகலமாக மாற்றினேன். கழற்றிய எஞ்சினை எண்ணெய் தடவி தார்ப்பாயில் சுற்றி ஷெட் மூலையில் வைத்தேன்.

அந்த வண்டி எப்படி ஓடியது என்று சொல்லாவிட்டால் நான் பொய்யன். காலை ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்குக் கிளம்புவேன். மூன்றாவது கியரில் காலை அழுத்தினால் முதுகை யாரோ சீட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வது மாதிரி இருக்கும். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றைத் தாண்ட முன்பெல்லாம் எதிரே அரை கிலோமீட்டர் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இப்போது ஒரு மூச்சில் தாண்டினேன். வெளியே பார்த்தால் வாத்தியார் வீட்டு வண்டி. உள்ளே இருப்பது எனக்கும் பாய்க்கும் மட்டுமே தெரியும். அந்த ரகசியத்தில் பாதி சுகம் இருந்தது.

2004 ஜனவரி கடைசி. நம் பக்கம் மக்காச்சோளம் அறுப்பு நேரம். களம் இல்லாதவர்கள் ரோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கொட்டிக் காயவைப்பார்கள், சுற்றிலும் கல்லை வரிசை வைத்து. பேரளி தாண்டி மத்தியானம் திரும்பி வந்துகொண்டிருந்தேன். தொண்ணூறில் இருந்திருப்பேன். முன்னால் டி.வி.எஸ். ஐம்பதில் போன பெரியவர் சோளக் குவியலுக்காக வலது பக்கம் ஒதுங்கினார். பிரேக்கை அழுத்தினேன். முன் சக்கரம் பிடித்தது. பின் சக்கரம் சிதறிக் கிடந்த சோளத்தின் மேல் ஏறி, கோலிக்குண்டு மேல் நின்றது போல வழுக்கியது. வண்டியின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய் அவர் வண்டியின் பெட்டியைத் தட்டியது. அவர் விழுந்தார்.

முழங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டு வீக்கம். அவ்வளவுதான். என் கை நடுங்கியது, அவர் கை நடுங்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏன் தம்பி இவ்ளோ வேகம்? சிமெண்டு எந்திரிச்சி ஓடியா போயிடப் போவுது?"

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன், கட்டுப் போட்டார்கள், வண்டியைச் சரிசெய்து கொடுத்தேன், வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஊரார் பார்வைக்கு நான் நல்ல மனிதன். ஆனால் அன்று பகல் முழுவதும் என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? போலீஸ் வந்து எஞ்சின் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தையும் ஒத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான். அவர் புகார் எதுவும் வேண்டாம் என்று சொன்னதும் எனக்கு வந்த நிம்மதி அவருக்காக வந்தது அல்ல. இதை என் மனைவியிடம்கூடப் பல வருஷம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகாவது மாற்றினேனா? இல்லை. வேகத்தைக் குறைத்தேன், பின் பிரேக்கைச் சரிபார்த்தேன், எஞ்சினைத் தொடவில்லை. 2012-ல் பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. பாயும் நானும் ராத்திரியோடு ராத்திரியாகத் தார்ப்பாயைப் பிரித்துப் பழைய எஞ்சினைப் பூட்டினோம். ஆய்வில் நம்பர் சரியாக இருந்தது. மறுவாரம் எஸ்டீம் எஞ்சின் திரும்ப உள்ளே போனது. 2017-லும் அப்படியே. 2022-ல் பாயின் மகன் செய்தான், பாய்க்கு முட்டி வலி. நடுவில் இன்னொன்றும் உண்டு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டணம் சிசி கணக்கில் போடுவது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி ஆயிரம் சிசி வரைக்கும் 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416. நான் 993 என்று எழுதி 2,094 கட்டினேன். வித்தியாசம் 1,322 ரூபாய். பென்ஷன்காரன் ஒருவன் வருஷா வருஷம் இந்தத் தொகைக்குப் பொய் சொல்லியிருக்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, 2000-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சின் தேய்ந்து போனால் அதே ரக எஞ்சினை அனுமதி வாங்கி மாற்றலாம். 993-க்குப் பதில் 1298 என்றால் கதவு அடைப்பு.

இதில்தான் எனக்குச் சட்டத்தோடு சண்டை. இதே 52-ஆம் பிரிவு எரிபொருளை மாற்ற வழிவிடுகிறது. எரிவாயு கிட் போடலாம். பெட்ரோல் எஞ்சினையே தூக்கிவிட்டு, அங்கீகாரம் பெற்ற மின்மோட்டார் கிட் பொருத்தி, ஆய்வுக்குக் காட்டி, ஆர்.சி.யில் எழுதிக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய அறுவைக்குப் பரிசோதனை முறை இருக்கும்போது, அதே கம்பெனியின் அண்ணன் எஞ்சினுக்கு ஏன் இருக்கக்கூடாது? ஜெர்மனியில் இம்மாதிரி மாற்றங்களை டி.யூ.வி. போன்ற அமைப்பின் பொறியாளர் பார்த்துச் சரியென்றால் வண்டியின் தாளிலேயே எழுதித் தருகிறார்கள். இங்கேயும் அப்படி ஒரு வழி வேண்டும். பிரேக்கை அளக்கட்டும், புகையை அளக்கட்டும், கட்டணத்தைக் கூட்டி வாங்கட்டும். 2001-ல் அப்படி ஒருவர் என் வண்டியைப் பார்த்திருந்தால் முதல் கேள்வியே பின் டிரம்மைப் பற்றித்தான் கேட்டிருப்பார். ஒளித்துச் செய்ததால் எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

கதவைத் திறந்தால் சைலன்சரைப் பிடுங்கிவிட்டுப் பாலக்கரையில் உறுமுகிற பையன்களெல்லாம் உள்ளே வந்துவிடுவார்கள் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். அவர்கள் எந்தக் கதவையும் தட்டப்போவதில்லை. சோதனைக்கு வண்டியைக் கொண்டுவருகிறவன் சோதனைக்குப் பயப்படாதவன்.

ஆனால் என்னை நானே ஒன்று கேட்கவேண்டும். ஆர்.சி.யில் 1298 என்று எழுதியிருந்தால் மட்டும் அன்று பேரளியில் வண்டி நின்றிருக்குமா? நூறில் போகிற வண்டியை நிறுத்த, எண்பதில் போனதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பிரேக் தூரம் வேண்டும். இந்தக் கணக்கு எந்தத் தாளையும் பார்ப்பதில்லை. சோளம் காய்கிற, ஆடு குறுக்கே போகிற, கல் லாரி நெரிக்கிற ரோடு அது. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800-ன் எஞ்சினை எடுத்து ஒற்றை ஆள் ரேஸ் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் அதில்தான் ஓட்டப் பழகினார்கள். அவர் அந்த எஞ்சினைக் கொண்டுபோன இடம் பந்தயப் பாதை. நான் கொண்டுபோனது அரியலூர் ரோடு.

பேரனிடம் இதையெல்லாம் இந்த வரிசையில் சொல்லவில்லை. பெரியவர் விழுந்ததைச் சொன்னேன். 1,322 ரூபாயைச் சொன்னேன், அதற்குத்தான் அவன் முகம் மாறியது. பிறகு பாயின் மகனை வரச் சொன்னேன். மூன்று பேரும் ஒன்றரை நாளில் எஸ்டீம் எஞ்சினை இறக்கினோம். பேரன் கையில் கிரீஸ் முழங்கை வரை. பழையது பூட்டியாயிற்று, இனி கழற்றப்போவதில்லை. எஸ்டீமின் டிஸ்க் மட்டும் அப்படியே இருக்கிறது. அதுவும் மாற்றம்தானே தாத்தா என்கிறான். அதையும் விசாரிக்கவேண்டும்.

"வண்டி உனக்குத்தான். இந்த எஞ்சினோடு. பறக்கணும்னா இருங்காட்டுக்கோட்டைக்கோ கரி ஸ்பீட்வேக்கோ போ, நான் பணம் கட்றேன்" என்றேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சாப்பிடும்போது, "அப்ப அந்த எஞ்சின் யாருக்கு?" என்று கேட்டான். தெரியாது என்றேன். இப்போது அது தார்ப்பாய்க்குள் இருக்கிறது, தம்பி இருந்த அதே மூலையில்.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு அந்த வண்டியிலேயே போனோம். அவன்தான் ஓட்டினான். லாரி ஒன்று முன்னால் போனது. தாண்டப் பார்த்தான், எஞ்சின் முனகியது, இண்டிகேட்டரை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனான். மனைவி பின் சீட்டிலிருந்து, "இன்னிக்குத்தான் நான் கைப்பிடிய பிடிக்காம வரேன்" என்றாள். இத்தனை வருஷமாக அவள் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.