அச்சம் யாருக்குப் புதிது?

வீட்டு நீச்சல் குளத்தில் தாயும் தந்தையும் தங்கள் சிறுமகளுடன் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே மக்கள் ஒரு குடம் தண்ணீருக்குத் தவிக்கும் காலம். திடீரெனக் கும்பல் ஒன்று வீட்டுக்குள் புகுகிறது. தந்தை கொல்லப்படுகிறார், தாய் இழுத்துச் செல்லப்படுகிறார், குழந்தையின் கதி தெரியவில்லை. அவள் இந்து, அவர் இஸ்லாமியர் என்பதே அக்குடும்பம் செய்த குற்றம்.

2019 ஜூன் 14 அன்று நெட்பிளிக்ஸ் தளத்தில் வெளியான ‘லெய்லா’ என்னும் அறிவியல் புனைவுத் தொடரின் முதல் பகுதி காட்டும் கொடுமை இது. பிரயாக் அக்பர் 2017இல் வெளியிட்ட நாவலைத் தழுவி ஆறு பகுதிகளாக எடுக்கப்பட்ட இத்தொடரின் முதல் பகுதியைத் தீபா மேத்தா இயக்கினார். ஷாலினி என்னும் தாயாக ஹுமா குரேஷி நடித்தார். கதை நிகழ்வது 2040களின் பிற்பகுதியில், ‘ஆர்யவர்த்தா’ என்னும் கற்பனை நாட்டில். அங்கே ஒவ்வொரு சமூகமும் தனித்தனி மதில்களுக்குள் வாழ்கிறது. கலப்பு மணம் புரிந்த பெண்கள் ‘தூய்மை’ முகாமுக்கு அனுப்பப்படுகிறார்கள். அவர்களது குழந்தைகளுக்குக் ‘கலப்பு’ என்ற முத்திரை குத்தப்படுகிறது. பேயும் இல்லை, வேற்றுக்கிரகவாசியும் இல்லை. ஆயினும் பார்த்தவர்கள் நடுங்கினார்கள்.

ஆனால் எல்லோரும் ஒன்றைக் கண்டு நடுங்கவில்லை. அந்த வேறுபாட்டில்தான் இத்தொடரின் அரசியல் அடங்கியிருக்கிறது.

முதலில் எழுந்தது சினம். முன்னோட்டம் வெளியானவுடனேயே இத்தொடர் இந்து மதத்தை இழிவுபடுத்துகிறது என்ற கூக்குரல் சமூக ஊடகங்களில் கிளம்பியது; புறக்கணிப்பு அறைகூவல்கள் தொடர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ‘லெய்லா’ உள்ளிட்ட தொடர்களைச் சுட்டிக்காட்டி மும்பைக் காவல்துறையில் புகாரும் அளிக்கப்பட்டது. தீபா மேத்தாவுக்கு இது புதிதன்று. 2000ஆம் ஆண்டில் ‘வாட்டர்’ திரைப்படத்திற்காக வாரணாசியில் அமைத்த அரங்கை இந்துத்துவக் கும்பல்கள் சிதைத்தன. கைம்பெண்களின் துயரைச் சொல்லும் அப்படத்தைப் பின்னர் இலங்கையில்தான் அவரால் எடுக்க முடிந்தது. ‘லெய்லா’வில் வருவது ஒரு கற்பனை நாடு, அதன் கொடி கற்பனை, தலைவர் கற்பனை, முழக்கமும் கற்பனை. பிறப்பை வைத்து மனிதரைப் பிரித்து, கலந்தவரைக் கொல்லும் அந்த அரசைக் கண்டதும் “இது எங்களைத்தான் சொல்கிறது” என்று சிலர் கொதித்தார்களே, அவர்களை அடையாளம் காட்டியது தொடரா, அவர்களது கொதிப்பா?

இரண்டாவது எதிர்வினை, கற்றறிந்த நடுத்தர வர்க்கத்தின் திகில். “நாளை நமக்கும் இப்படி நேருமோ” என்ற கலக்கம் பலரைப் பற்றிக்கொண்டது. மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ தொடரோடு இதனைப் பலரும் ஒப்பிட்டார்கள். இந்த அச்சம் நேர்மையானது. எள்ளி நகையாடத் தக்கதன்று. வகுப்புவாதத்தின் ஆபத்தை உணரத் தொடங்கும் எவரும் மக்களாட்சிக்காகப் போராடுவோரின் நட்புச் சக்தியே.

மூன்றாவது எதிர்வினை, “இதெல்லாம் மிகை” என்ற சலிப்பு. இருள் அதிகம், வதை அதிகம், நடக்காததை எல்லாம் காட்டிப் பயமுறுத்துகிறார்கள் என்றனர் ஒரு சாரார்.

மிகைதானா? 2007ஆம் ஆண்டு ஹரியானாவின் கைத்தல் மாவட்டத்தில் ஒரே கோத்திரத்தில் மணம் செய்துகொண்ட மனோஜ், பப்லி இருவரும் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர்கள். அவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கடத்திச் சென்று கொன்று கால்வாயில் வீசினார்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், மக்கள் நடமாடும் சாலையில், தலித் இளைஞர் சங்கர் மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அக்காட்சியை நாடே பார்த்தது. அதற்கு எழுத்தாளர் இல்லை, இயக்குநர் இல்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இன்றும் முப்பது நாள் முன்னறிவிப்பைக் கோருகிறது. காதலர்களைத் தேடி அலையும் கும்பல்களுக்கு அவ்வறிவிப்பே முகவரிச் சீட்டாகிறது. உத்தரப் பிரதேசம் 2020இல் மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2024இல் செய்த திருத்தத்தின்படி அச்சட்டத்தின் கீழ் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம்.

தண்ணீரும் அப்படியே. ‘லெய்லா’ வெளியான அதே ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. பணம் படைத்தோரின் அடுக்ககங்களுக்குள் தனியார் லாரிகள் நுழைந்துகொண்டிருந்தபோது, உழைக்கும் பெண்கள் நள்ளிரவில் வண்ணக் குடங்களுடன் தெருவில் காத்திருந்தார்கள். மதிலுக்கு உள்ளே ஒரு நாடு, வெளியே ஒரு நாடு என்ற காட்சியைக் காண அவர்கள் 2047 வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி “இது நடக்குமா” என்பதன்று; “இது யாருக்குப் புதிது” என்பதே. குளம் வைத்திருந்த ஷாலினியின் வீட்டிலும் சப்னா என்று ஒரு பணிப்பெண் இருந்தாள். அந்தக் குளத்து நீரில் ஒரு குடமாவது அவள் வீட்டு அடுப்படிக்குப் போயிருக்குமா? மதில்கள் எழும்பியபோது பணிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாத வர்க்கம், மதில் தன் மகளைப் பிரித்தபோதுதான் விழித்துக்கொள்கிறது. பார்வையாளர்களில் பலரை உலுக்கியதும் இதுவே. சேரிக்கும் ஊருக்கும் இடையே காலங்காலமாக நிற்கும் சுவரைக் கண்டு அவர்களுக்கு உறக்கம் கெட்டதில்லை.

இந்த அச்சத்தை விற்ற நிறுவனத்தைப் பற்றியும் மயக்கம் வேண்டியதில்லை. பெருமூலதனத்துக்குத் திகிலும் சரக்கு, காதலும் சரக்கு. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வகுத்த விதிகள் இணையவழித் தொடர்களையும் அமைச்சகத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தன. அரசு முகம் சுளித்தால் சந்தையை இழக்க நேரும் எனும்போது துணிச்சலை முதலில் கைவிடுவது மூலதனம்தான். கருத்துரிமையைக் காக்கும் பொறுப்பைச் சந்தா வாங்கும் நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டு இருக்க முடியாது.

அச்சத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. தனியறையில் திரையை அணைத்துவிட்டுக் கதவைத் தாழிடுவது ஒன்று. மற்றொன்றை அமெரிக்கப் பெண்கள் காட்டினார்கள். 2017இல் டெக்சாஸ் சட்டமன்றத்தில் ‘ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ கதையின் செவ்வங்கி அணிந்து, கருக்கலைப்பு உரிமையைப் பறிக்கும் மசோதாக்களுக்கு எதிராக அமர்ந்தார்கள். கதையில் அடிமைத்தனத்தின் சின்னமான அங்கி வீதியில் எதிர்ப்பின் சின்னமாயிற்று.

இந்தியாவில் அந்த இரண்டாவது வழி எங்கே இருக்கிறது என்பதற்கு நெல்லையே சான்று. 2024 ஜூனில் சாதி மறுப்புத் திருமணம் நடத்திவைத்ததற்காக அங்குள்ள மார்க்சிஸ்ட் கட்சியின் மாவட்ட அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. ‘லெய்லா’வின் கும்பல் நுழைந்ததைப் போலவே அங்கும் கும்பல் நுழைந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நீச்சல் குளத்து வீட்டில் அந்த இணையர் தனித்திருந்தார்கள். நெல்லையில் அவர்களோடு ஓர் இயக்கம் நின்றது. கண்ணாடிகள் உடைந்தன, திருமணம் உடையவில்லை.