பிள்ளைக்கு எது சொந்த மாநிலம்?

கட்கியிலும் தாபோடியிலும் பிம்பிரியிலும் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு தேறியதும் முதலில் எழும் கேள்வி மதிப்பெண் அல்ல. "எந்த மாநிலம்?" என்பதுதான். தனியார் கல்லூரி வாசலிலும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கே தனியார் பொறியியல் கல்லூரி இடங்களில் பெரும்பகுதி அரசின் பொதுச் சேர்க்கை வழியாகவே நிரம்புகிறது. மாநிலப் பிள்ளையாக ஏற்கப்பட 10, 12 இரண்டையும் மகாராஷ்டிரத்தில் தேறி, இங்கேயே பிறந்திருக்க வேண்டும். அல்லது டொமிசைல் சான்றிதழ் வேண்டும். வெளியே படித்த பிள்ளையானால், அதற்கோ பெற்றோரில் ஒருவருக்கோ அச்சான்றிதழ் இருந்தாக வேண்டும். அதைப் பெற 15 ஆண்டு வாசத்தை நிரூபிக்க வேண்டும். குடிசைக்குக் குடிசை மாறிய தொழிலாளி 15 ஆண்டு வாடகைச் சீட்டுக்கு எங்கே போவான்?

மத்திய அரசு ஊழியர் மாற்றலாகி இங்கு வந்தால், அவர் பிள்ளைக்குத் தனி வழி உண்டு. அது நியாயமே. அரசாணை அவரை அனுப்பியது. வயிறு நம்மை அனுப்பியது. நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் வழியில்லை?

சொந்த ஊர் கைகொடுக்குமா? தமிழகம் 2020இல் மருத்துவப் படிப்பில் கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அங்குள்ள அரசுப் பள்ளிகளில் படித்தோருக்கு மட்டுமே. புனே மாநகராட்சிப் பள்ளியில் படித்த ஏழைக்கு அது இல்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் சலுகையும் குடிபெயர்ந்தவனோடு எல்லை தாண்டி வராது என்று 1990இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இரண்டு மாநிலம் இருந்தும் நம் பிள்ளை நடுத்தெருவில் நிற்கிறது!

உறவு எல்லோருக்கும் இப்படிப் பயனற்றுப் போவதில்லை. மகாராஷ்டிர அரசுக்கு எதிரான இனாம்தார் வழக்கில், தனியார் கல்லூரிகள் 15 சதவீதம் வரை வெளிநாடு வாழ் இந்தியருக்கு ஒதுக்கலாம் என்று 2005இல் சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. 2024இல் பஞ்சாப் அரசு மாமன், அத்தை உறவையும் அதில் சேர்க்கப் பார்த்தது. சுப்ரீம் கோர்ட் அதை மோசடி என்று கண்டித்துத் தள்ளியது. வெளிநாட்டு மாமனின் டாலருக்கு இடம் தேடும் அரசுகள், இங்கேயே மண் சுமக்கும் தகப்பனின் வியர்வையைக் கணக்கில் எடுப்பதில்லை.

சலுகை வேண்டி நாம் கையேந்தவில்லை. பள்ளிப் பதிவேடு, ரேஷன் கார்டு, கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை இவற்றில் எது கையில் இருந்தாலும் வாசத்துக்குச் சான்றாக ஏற்கவேண்டும். பெற்றோர் இங்கு உழைக்க, இங்கேயே 10, 12 தேறிய பிள்ளையை வேறு சான்றிதழ் கேட்காமல் மாநிலப் பிள்ளையாகச் சேர்க்கவேண்டும். இதுவே நம் கோரிக்கை.

அதுவரை தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் ஒரு வார்த்தை. பாட்டி வீட்டில் இருக்கட்டும் என்று பத்தாம் வகுப்புக்குப் பிள்ளையை ஊருக்கு அனுப்புமுன் யோசியுங்கள். இங்கே மருத்துவக் கல்லூரியில் மாநில இடம் பெற 10, 12 இரண்டும் இங்கேயே தேறியிருக்க வேண்டும் என்பதே பொதுவிதி. பிறப்புச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். எட்டாம் வகுப்பிலேயே டொமிசைலுக்கு மனுச் செய்யுங்கள். காகிதத்தைச் சேர்ப்போம், கூடவே, காகிதம் இல்லாதவனுக்கும் நியாயம் கேட்போம்.