முதல் நடைக்கும் நேரம் குறியுங்கள்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வருபவரின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால், எந்த ஊசி எத்தனை மணிக்கு, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். எப்போது எழுந்து நடக்க வேண்டும், யார் நடக்க வைக்க வேண்டும் என்ற வரியைப் பல வார்டுகளில் தேடித்தான் பார்க்க வேண்டும். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் "நாளைக்கு நடக்க வையுங்க" என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் ஞாயிறாக இருந்தால் அந்தச் சொல் திங்கள்வரை காத்திருக்கும். இயன்முறை மருத்துவனாக நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: முதல் நடையையும் மருந்தைப் போலவே நேரம் குறித்து எழுதச் சொல்லுங்கள்.

நடந்தால் புண் ஆறாது என்ற பயம் பழையது. ஒரு காலத்தில் டாக்டர்களே நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். படுக்கையால் வரும் கேடுகளை ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1947-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எடுத்துச் சொன்னார். சீக்கிரம் சாப்பிட வைப்பது, குழாய்களைச் சீக்கிரம் எடுப்பது, சீக்கிரம் நடக்க வைப்பது எல்லாவற்றையும் ஒரே முறையாகக் கோத்தவர் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட், அது 1990-களில். இடுப்புப் பகுதி முதுகெலும்புகளை இணைக்கும் அறுவைக்கும் இதே வழியில் 2021-ல் பன்னாட்டு வழிகாட்டுதல் வந்துவிட்டது. சீக்கிரம் நடக்க வைப்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

காரணம் எளிது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்தே கிடந்தால் அந்த வேலை குறைந்து, காலில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சில் சளி தேங்கும், குடல் மந்தமாகும், தொடைத் தசை நாளுக்கு நாள் வற்றும். பொருத்திய ஸ்க்ரூ கழன்றுவிடும் என்று வீட்டார் அஞ்சுகிறார்கள். நிமிர்ந்து நடக்கும் பாரம் தாங்கத்தான் அதைப் பொருத்துகிறார்கள். நிற்பதைவிட, முன்னே சாய்ந்து உட்காரும்போதுதான் டிஸ்க்கில் அழுத்தம் அதிகம் என்று ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் அளந்து காட்டினார். குனிவது, இடுப்பை முறுக்குவது, பளு தூக்குவது, வெகுநேரம் உட்கார்ந்திருப்பது: முதல் வாரங்களில் தள்ளிவைக்க வேண்டியவை இவைதான்.

முதல் நடைக்கு அதிக நேரம் பிடிக்காது. வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும், இடுப்பு முறுக்காமல் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களிக்க வைக்கிறோம். கால்களைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிக்கொண்டே, முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரச் சொல்கிறோம். தலை சுற்றுகிறதா என்று கேட்டு, பிரஷர் பார்த்து, பாதத்தில் வலு இருக்கிறதா என்று சோதித்த பிறகே வாக்கரைக் கையில் கொடுக்கிறோம். கட்டிலோரமாக நாலு எட்டு. மாலையில் வாசற்படி வரை. "வேணாம்யா, தையல் பிரிஞ்சிடும்" என்று கையைப் பிடித்துத் தடுக்கும் அம்மாவே, அடுத்த நாள் "பாத்து, மெதுவா" என்று கூடவே நடந்து வருவார்.

பயம் போன பிறகும் கழிவறை தடையாக நிற்கிறது. குந்தி உட்காரும் வசதி மட்டுமே உள்ள வார்டில், அங்கே போகப் பயந்து தண்ணீரையே குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. பிறகு மலச்சிக்கல், முக்கினால் முதுகில் வலி, வலித்தால் மறுபடி படுக்கை.

எல்லாருக்கும் ஒரே கணக்கு ஆகாது. டிஸ்க் விலகலுக்கான சிறிய அறுவை என்றால் அன்றோ மறுநாளோ நடக்கலாம். எலும்பு இணைப்பு என்றாலும் பெரும்பாலும் மறுநாளே நடக்கலாம். தண்டுவட உறை கிழிந்தவர், முறிந்த எலும்பு இன்னும் உறுதிப்படாதவர், பிரஷர் இறங்கியவர் காத்திருக்கத்தான் வேண்டும். அதனால்தான் அறுவை செய்தவரே எழுத வேண்டும் என்கிறேன். காத்திருக்கச் சொன்னால், எதுவரை என்பதையும் எழுதட்டும்.

அந்த ஒரு வரியோடு இன்னும் மூன்று வேண்டும். ஞாயிறும் பண்டிகை நாளும் வார்டில் இயன்முறை மருத்துவர் பணியில் இருக்க வேண்டும். அறுவை வார்டு ஒவ்வொன்றிலும் உயரம் மாற்றக்கூடிய வாக்கர், உட்காரும் கழிப்பறை, பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். வீட்டுக்குப் போனதும் பலரையும் பாசத்தோடு மறுபடி படுக்க வைத்துவிடுகிறார்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே நோயாளியின் விவரம் அவர் ஊர்க் குழுவுக்குப் போய்ச் சேரட்டும்.

தொடங்குவதற்கு உங்கள் துறையின் சுற்றறிக்கை ஒன்று போதும். பிறகு மாதந்தோறும், எந்த மருத்துவமனையில் எத்தனை பேர் மறுநாளே நடந்தார்கள், நடக்காதவர்கள் எதனால் நடக்கவில்லை என்று கணக்குக் கேளுங்கள். மேலிடம் கணக்குக் கேட்டால் கீழே வேலை நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்