பெட்டியில் போகும் பட்டுக்கு வரி எதற்கு?

இந்தியாவுக்கு வந்து பொருள் வாங்கிச் செல்லும் வெளிநாட்டுப் பயணிக்கு, அவர் கடையில் கட்டிய ஜிஎஸ்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று நம் சட்டமே சொல்கிறது. 2017இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அது. இந்தியாவில் வழக்கமாக வசிக்காத ஒருவர், ஆறு மாதத்துக்கு மேல் தங்காமல் வந்துபோகும்போது தன்னோடு எடுத்துச் செல்லும் பொருளுக்கான வரி அவருக்கே திரும்ப வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அச்சட்டத்தில் மொத்தம் 25 பிரிவுகள். அவற்றில் சில 2017 ஜூன் 22 அன்றும், மற்றவை ஜூலை 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. அந்த இரண்டு அறிவிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டிலும் இடம்பெறாத பிரிவு 15 ஒன்றுதான் என்பது தெரியும். அதற்கு இன்றுவரை நாள் குறிக்கப்படவில்லை. சென்னையிலோ திருச்சியிலோ விமானம் ஏறும் பயணியின் கையில் எத்தனை பில் இருந்தாலும், அவற்றைக் காட்டிப் பணம் கேட்க ஒரு கவுன்ட்டர் கிடையாது. நமக்கு உரிமையில்லாத ஒரு வரியை இத்தனை ஆண்டுகளாக நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் வாதம்.

உரிமையில்லை என்று சொல்வதற்குக் காரணம் ஜிஎஸ்டியின் அடிப்படை விதியிலேயே இருக்கிறது. இது நுகர்வுக்கான வரி. பொருள் எங்கே தயாராகிறது என்பது கணக்கில்லை, எங்கே பயன்படுகிறது என்பதே கணக்கு. ஓசூரில் செய்த பொருள் பாட்னாவில் விற்றால், மாநிலத்துக்குரிய பங்கு பிகாருக்குப் போகிறது. உற்பத்தி மாநிலமான தமிழகம் மனக்கசப்போடு ஏற்றுக்கொண்ட விதி அது. அதே விதிப்படி, வெளிநாட்டில் பயன்படும் பொருளுக்கு இந்தியா வரி வாங்கக் கூடாது. ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம் என்று அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்வதும் இதனால்தான். காஞ்சிபுரத்து வியாபாரி வரி கட்டிக் கன்டெய்னரில் சேலை அனுப்பினால், சுங்கத் துறையில் அவர் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லே ரீஃபண்ட் விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. தனி மனுகூட வேண்டியதில்லை. ஏற்றுமதிப் பதிவு உள்ள கடை, வாடிக்கையாளரின் டொராண்டோ முகவரிக்குக் கூரியரில் அனுப்பினாலும் வரியில்லை. விமான நிலையத்தில் இமிகிரேஷனைத் தாண்டியபின் இருக்கும் டூட்டி ஃப்ரீ கடை, வெளிநாடு செல்லும் பயணிக்கு விற்கும் வெளிநாட்டு மதுவும் சாக்லேட்டும் ஏற்றுமதியாகவே கருதப்படுகின்றன. அதே பயணி, அதே விமானம். ஆனால், முந்தின நாள் தி.நகரில் வாங்கிப் பெட்டியில் மடித்து வைத்த பட்டுச் சேலைக்கு மட்டும் 5 சதவீத வரி நம் கஜானாவில் தங்கிவிடுகிறது. வெளிநாட்டு மதுவுக்குக் கிடைக்கும் சலுகை உள்ளூர் நெசவாளரின் சேலைக்குக் கிடைக்கவில்லை என்பதை எந்த வரிக் கொள்கையாலும் நியாயப்படுத்த முடியாது.

இந்த வரியைச் சுமப்பவர்களில் நம்மவர்கள் ஏராளம். கல்யாணம் என்றால் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சிங்கப்பூர், பினாங்கு, டொராண்டோவிலிருந்தும் குடும்பமாக வந்து சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் ஜவுளி எடுக்கும் வழக்கம் பல தலைமுறைகளாக இருக்கிறது. 3 லட்சம் ரூபாய்க்குப் பட்டெடுத்தால் வரி 15,000 ரூபாய். மணமகனுக்கு 20,000 ரூபாயில் ஷெர்வானி எடுத்தால், 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆயத்த ஆடை என்பதால் 18 சதவீதம், அதாவது 3,600 ரூபாய். 2019ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஒரு கோடியே 9 லட்சம் பேர். அதே ஆண்டில் வெளிநாட்டவர் வருகையில் மாநிலங்களிலேயே முதலிடம் தமிழகத்துக்கு. ஆகவே, 15ஆவது பிரிவு தூங்குவதைப் பற்றி யாராவது கேள்வி எழுப்ப வேண்டும் என்றால், முதலில் எழுப்ப வேண்டியது தமிழகம்தான்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று உண்டு. சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9 சதவீதம். திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கும் வெளிநாட்டுப் பயணி பாஸ்போர்ட்டைக் காட்டுகிறார். விற்பனை விவரம் மின்னணு முறையில் பதிவாகிறது. இரண்டு மாதத்துக்குள் சாங்கி விமான நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் பாஸ்போர்ட்டை வைத்தால் அவர் வாங்கியவை திரையில் வரும். தேவைப்பட்டால் சுங்க அதிகாரி பொருளைப் பார்ப்பார். லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கி வரும் தமிழகப் பயணிகள் பலர் இதைப் பயன்படுத்தியிருப்பார்கள். சிங்கப்பூரிலிருந்து தமிழகத்துக்கு வரும் பயணிக்கு நாம் அந்த மரியாதையைத் திருப்பிச் செய்யவில்லை. ஆஸ்திரேலியா ஒரே கடையில் 300 டாலருக்கு மேல் வாங்கிய பொருளுக்கு, வாங்கிய 60 நாளுக்குள் வெளியேறினால், தன் குடிமக்களுக்கும்கூடத் திருப்பித் தருகிறது. சீனா 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கொள்முதல் தொகையை 500 யுவானிலிருந்து 200 யுவானாகக் குறைத்து வாசலை இன்னும் அகலமாகத் திறந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2018 ஜனவரியில் 5 சதவீத வாட் வரியைக் கொண்டுவந்து, அதே ஆண்டு நவம்பரிலேயே பயணிகளுக்கான ரீஃபண்டைத் தொடங்கிவிட்டது. பத்து மாதத்தில் அவர்கள் முடித்த காரியத்தை நாம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

வருவாய் குறையும் என்பது முதல் ஆட்சேபம். குறையும், அதை மறைக்க வேண்டியதில்லை. 8ஆவது பிரிவின்படி, சுற்றுலாப் பயணிக்கு விற்பது மாநிலத்துக்குள் நடந்த விற்பனையாகக் கருதப்படாது; 15ஆவது பிரிவு உயிர்பெறும் நாளில் இந்த விற்பனைகள் ஒருங்கிணைந்த வரியின்கீழ் போய்விடும். இன்று ஒவ்வொரு லட்ச ரூபாய்ப் பட்டுக்கும் தமிழகத்துக்குக் கிடைக்கும் 2,500 ரூபாய் அதன்பின் கிடைக்காது. ஆனால், திரும்பப் போவது பொருளுக்கான வரி மட்டுமே. பயணி இங்கே தங்கிய அறைக்கும், சாப்பிட்ட சாப்பாட்டுக்கும், ஏறிய டாக்ஸிக்கும் கட்டிய வரி நம்மிடமே இருக்கும். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள அறைக்கு 18 சதவீதம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே அனுபவித்ததற்கு இங்கே வரி, அங்கே அனுபவிக்கப் போவதற்கு இங்கே வரியில்லை என்பதே முறை. ரீஃபண்ட் கொடுத்தால் பயணிகள் குவிந்துவிடுவார்கள், இழந்த வரி பல மடங்காகத் திரும்பும் என்று கடைக்காரர் சங்கங்கள் பல நாடுகளிலும் சொல்வதுண்டு. அந்தக் கணக்கை நம்பி நான் வாதிடவில்லை. ஒரு பயணிகூடக் கூடுதலாக வராவிட்டாலும் இந்தப் பணம் நமக்குரியது அல்ல.

பிரிட்டன் ரத்து செய்துவிட்டதே என்பார்கள். வலுவான கேள்விதான். 2019இல் சுமார் 12 லட்சம் பயணிகளுக்கு ஏறக்குறைய 50 கோடி பவுண்டைத் திருப்பித் தந்த அந்த நாடு, 2021 ஜனவரி 1 முதல் வட அயர்லாந்து தவிர்த்த பகுதிகளில் திட்டத்தை நிறுத்தியது. 2022 செப்டம்பரில் நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் அதை மீண்டும் கொண்டுவருவதாக அறிவித்தார்; அடுத்த மாதமே அவருக்குப்பின் வந்த ஜெரமி ஹன்ட் அந்த அறிவிப்பைக் கைவிட்டார். பலன் பெரும்பாலும் லண்டனின் ஆடம்பரக் கடைகளுக்கே போகிறது, 20 சதவீத வரியை விட்டுக்கொடுப்பது அதிகம் என்பது அரசுத் தரப்பு வாதம். ஆனால், அங்கேயும் கடைக்காரர் பொருளை நேரடியாக வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பினால் இன்றும் வாட் இல்லை. அதாவது, நாட்டை விட்டுப் போகும் பொருளுக்கு வரியில்லை என்ற விதியைப் பிரிட்டன் விட்டுவிடவில்லை. பயணி கையில் எடுத்துச் செல்லும் வழியை மட்டும் அடைத்திருக்கிறது. அந்த வழியை அடைத்தால் யாருக்கு நட்டம் என்பது நம் ஊரைப் பார்த்தாலே தெரியும். பெரிய ஜவுளிக் கடைக்கு ஏற்றுமதிப் பதிவு, கூரியர் ஒப்பந்தம், அதைக் கவனிக்க ஆள் எல்லாம் இருக்கும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைக்கும், சுவாமிமலையில் சிலை செய்து விற்கும் சிறிய பட்டறைக்கும் அவை இருக்காது. அவர்களுடைய வெளிநாட்டு வாடிக்கையாளர் பெட்டியில்தான் எடுத்துச் செல்வார். ஆடம்பரக் கடைகளுக்கே லாபம் என்பது லண்டனுக்குப் பொருந்தலாம், காஞ்சிபுரத்துக்குப் பொருந்தாது.

மோசடி பற்றிய அச்சம் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. இதற்கு ஜப்பானின் அனுபவம் உதவும். அங்கே பயணி பாஸ்போர்ட்டைக் காட்டினால் கடையிலேயே 10 சதவீத நுகர்வு வரியைக் கழித்து விற்பது நடைமுறை. அப்படி வரியில்லாமல் வாங்கியதை உள்ளூரிலேயே மறுவிற்பனை செய்யும் தில்லுமுல்லு பெருகியது. அதனால், கடையில் வரியோடு விற்று, பொருள் நாட்டை விட்டுப் போவது உறுதியான பிறகே வரியைத் திருப்பித் தரும் முறைக்கு 2026 நவம்பர் 1 முதல் மாறுவதென ஜப்பான் முடிவெடுத்தது. மோசடியைக் கண்ட நாடு திட்டத்தை மூடவில்லை, விமான நிலைய ரீஃபண்டுக்கு மாறத் தீர்மானித்தது. நம் 15ஆவது பிரிவும் முதலில் வரி, புறப்படும்போது திருப்பித் தருதல் என்ற இந்தப் பாதுகாப்பான முறையையே சொல்கிறது. சரிசெய்ய வேண்டிய ஓர் ஓட்டை உண்டு. சாதாரண வாடிக்கையாளருக்குப் போடும் பில்களைக் கடைக்காரர் இப்போது பெரும்பாலும் மொத்தத் தொகையாகத்தான் கணக்கில் காட்டுகிறார். தனித்தனி பில் அரசின் கணினியில் இருப்பதில்லை. பயணிக்குப் போடும் பில்லை மட்டும் பாஸ்போர்ட் எண்ணோடு தனியாகப் பதிவேற்றச் செய்தால், போலி பில் காட்டிப் பணம் பெற முடியாது. தங்கத்தை முதல் கட்டத்தில் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. அதற்கு வரி 3 சதவீதம்தான் என்றாலும், சிறிய இடத்தில் பெரிய மதிப்பு அடங்குவதால் வெளியே கொண்டுபோனதாகக் காட்டிவிட்டு மீண்டும் உள்ளே கடத்துவது எளிது. கடத்தல் தங்கம் அடிக்கடி பிடிபடும் விமான நிலையங்களில் சென்னையும் திருச்சியும் உண்டு. கல்யாண வீட்டாருக்கு இது வருத்தம் தரும். ஆனால், ஜவுளி, தோல் பொருள், கைவினைப் பொருள் என்று தொடங்கி, முறை நிலைபெற்ற பிறகு தங்கத்தைப் பற்றி யோசிப்பதே விவேகம்.

திட்டத்தைத் தனியார் இடைத்தரகரிடம் ஒப்படைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அப்படி ஒப்படைத்த அமீரகத்தில், செலுத்திய வரியில் 85 சதவீதம்தான் திரும்பக் கிடைக்கும். அதிலும் பில்லுக்கு 4.80 திர்ஹம் கட்டணமாகப் பிடிப்பார்கள். அங்கே குறைந்தபட்சக் கொள்முதல் 250 திர்ஹம். அந்த அளவுக்கு வாங்கிய பில்லில் வரி ஏறத்தாழ 12 திர்ஹம். பயணியின் கைக்கு வருவது 5 திர்ஹம் சொச்சம். சிறிய தொகைக்கு வாங்குபவரே இதில் அதிகம் இழக்கிறார். ஏற்றுமதியாளருக்கு ரீஃபண்டை நேரடியாக வங்கிக் கணக்கில் போடும் கணினி அமைப்பு நம் சுங்கத் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயணிக்கும் விரிவுபடுத்தி, கார்டிலேயே பணத்தைத் திருப்பிப் போடலாம். விமான நிலையத்தில் கூட்டம் நெரியும் என்ற கவலைக்கும் இதில் விடை இருக்கிறது. விவரம் முன்பே பதிவாகியிருந்தால் எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. தொகை பெரிதாக இருப்பவற்றையும் சந்தேகத்துக்கு இடமானவற்றையும் பார்த்தால் போதும். சோதனை மேஜை மட்டும் செக்-இன் பகுதிக்கு முன்னால் இருக்க வேண்டும். பெட்டி போன பிறகு பொருளைக் காட்டு என்று கேட்டு அலைக்கழிக்கக் கூடாது. கப்பல் பயணிகளையும் மறந்துவிடக் கூடாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகிறவரும் இந்தியாவை விட்டுப் போகிறவர்தான்.

யார் பயணி என்பதையும் விதிகள் தெளிவாகச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்து, ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பில் வரும் தமிழர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்; ஆனால், அவர் வசிப்பது இங்கே அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைத்தான் பார்க்கிறது. நம் சட்டமும் இந்தியாவில் வழக்கமாக வசிக்காதவர் என்றுதான் சொல்கிறது. பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து இவர்களை ஒதுக்கும் விதி வந்துவிடக் கூடாது.

15ஆவது பிரிவை உயிர்ப்பிக்க நாடாளுமன்றம் புதிய சட்டம் எதையும் நிறைவேற்ற வேண்டியதில்லை. மத்திய அரசின் ஓர் அறிவிக்கையும், ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்கும் விதிகளும் போதும். கவுன்சிலில் தமிழகத்துக்கு இடமும் வாக்கும் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் தமிழக நிதியமைச்சர் இதைக் கோரிக்கையாக வைத்து, மீனம்பாக்கத்தையும் திருச்சியையும் நாகப்பட்டினம் துறைமுகத்தையும் முன்னோட்டத்துக்குத் தர முன்வர வேண்டும்.