லாயம்தான் குதிரைக் கொம்பு

பாட்டு, பரதம், கிரிக்கெட் என்ற வட்டத்தைத் தாண்டி, மும்பையில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இப்போது குதிரைச் சவாரிக்கும் போகிறார்கள். மகிழ்ச்சிதான். மகாலட்சுமி பந்தய மைதானத்தில் 1942-இல் தொடங்கிய அமெச்சூர் ரைடர்ஸ் கிளப் போன்ற இடங்களில் முறையாகக் கற்றுத் தருகிறார்கள். சிக்கல் அடுத்த படியில்தான் வருகிறது. ஓராண்டு கற்றதும், சொந்தமாக ஒரு குதிரை வேண்டும் என்று பிள்ளை அடம் பிடிக்கிறது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை குறைந்த விலைக்கு, சில சமயம் விலையில்லாமலேகூடக் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டுகிறார்கள். பெற்றோரும் மயங்கிவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் குதிரை கிடைத்துவிடும்; அதைக் கட்டி வைக்க நல்ல லாயம் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு. லாயத்தை முடிவு செய்யாமல் குதிரையை வாங்கக் கூடாது. ஒரு மழைக்காலத்தில் நேரில் போய்ப் பார்க்காமல் லாயத்தை முடிவு செய்யவும் கூடாது.

நகருக்குள் இடமில்லை என்பது புதிய செய்தியல்ல. விக்டோரியா வண்டிகளை உல்லாச சவாரிக்கு ஓட்டுவது சட்டவிரோதம் என்று 2015-இல் மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, உரிமம் இல்லாத லாயங்களையும் மூடச் சொன்னது. காற்றும் வெளிச்சமும் இல்லாத கொட்டில்களில் குதிரைகள் நின்ற நிலையும் அந்த வழக்கில் பேசப்பட்டது. மகாலட்சுமி மைதானமும் சுருங்குகிறது. 211 ஏக்கரில் 120 ஏக்கர் பொதுப் பூங்காவுக்காக மாநகராட்சிக்கு, மீதி 91 ஏக்கர் பந்தயக் கிளப்புக்கு என்று 2024-இல் முடிவாயிற்று. அதே ஆண்டு சென்னையில் கிண்டி பந்தய மைதானத்தின் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்தது. பெரிய நகரங்களில் மனிதருக்கே இடமில்லாதபோது இதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் குதிரை வாங்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

சரி, நகருக்கு வெளியே போகலாம் என்றால் எங்கே? கர்ஜத், லோணாவளா பக்கம் பண்ணை வீடுகளோடு சேர்ந்த லாயங்களைப் பலர் தேடிப் போகிறார்கள். பச்சைப் பசேல் என்ற இடம் கண்ணுக்கு அழகுதான்; குதிரைக்கு அது அழகாக இராது. லோணாவளாவில் மும்பையைவிட அதிக மழை பெய்கிறது. ஓயாத ஈரத்தில் நிற்கும் குதிரையின் குளம்பு அழுகும். நனைந்த புல்லில் பூஞ்சை பிடித்தால் மூச்சுக் கோளாறும் வயிற்று வலியும் வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது; அதனால் வயிற்று வலி அதற்கு உயிர்ப் பிரச்னை. பந்தயக்காரர்களே வழி காட்டியிருக்கிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மும்பையில் பந்தயம். மழைக்காலத்தில் அது புனேக்குப் போய்விடும். மலைத்தொடரைத் தாண்டிய புனேயில் மும்பையின் மழையில் பாதிகூட இல்லை. நிரந்தரமாகக் குதிரை வைக்க நினைப்பவர்கள் அந்தப் பக்கம் பார்ப்பதே நல்லது என்பேன்.

லாயத்துக்குப் போனால் வரவேற்பறையைப் பார்க்காதீர்கள்; குதிரையின் காலடியைப் பாருங்கள். தரை காய்ந்திருக்கிறதா? மேற்கூரைக்குக் கீழே காற்று போக வழி உண்டா? கொள்ளு வாங்கிப் போட்டால் குதிரை வளரும் என்பது நம் ஊர் நினைப்பு. உண்மையில் அதற்கு முக்கிய உணவு புல்தான். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர்ந்த நிலையில் நாளொன்றுக்கு ஒன்பது கிலோ அளவில் தீனி வேண்டும். அதில் பெரும்பங்கு உலர்புல்லும் குதிரை மசாலும். தண்ணீர் முப்பது, நாற்பது லிட்டர். கோடையில் இன்னும் கூடும். ஆகஸ்டில் புல் எங்கிருந்து வருகிறது, எங்கே சேமிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு குதிரைக்காரர் எத்தனை குதிரைகளைக் கவனிக்கிறார், அவர் இரவில் அங்கேயே தங்குகிறாரா என்றும் கேளுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் கட்ட ஆள் வருகிறாரா, நள்ளிரவில் கூப்பிட்டால் கால்நடை மருத்துவர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்பவையும் முக்கியம். புதிய குதிரைகளை ரத்தப் பரிசோதனை இல்லாமல் சேர்க்கும் லாயத்தை உடனே ஒதுக்கிவிடுங்கள். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் மனிதருக்கும் பரவக்கூடியது. அது உறுதியான குதிரையை உயிரோடு விடுவதில்லை.

புனேயில் குதிரை, செம்பூரில் பிள்ளை என்றால் சவாரி எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விரைவுச் சாலை இருந்தாலும் போய்வர ஒரு முழு நாள் ஆகும். வாரம் ஒருமுறையாவது வீட்டார் போய்ப் பார்க்காத குதிரை, மாதாமாதம் பணம் மட்டும் வரும் அநாதைதான். அந்த ஒரு நாளை ஒதுக்க முடியாத குடும்பம் குதிரை வாங்காமலிருப்பதே தர்மம். கிளப் குதிரையில் கற்பதும், இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு குதிரையைப் பராமரிப்பதும் கௌரவக் குறைவல்ல.

இன்னொன்றையும் யோசியுங்கள். குதிரை இருபத்தைந்து ஆண்டுகள் வாழக்கூடிய பிராணி. பத்து வயது ஓய்வு பெற்ற குதிரையைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தருகிறீர்கள். நான்கே ஆண்டில் பிள்ளை பொறியியலோ மருத்துவமோ படிக்க வேற்றூர் போய்விடும். குதிரை அப்போதும் லாயத்தில்தான் நிற்கும், இன்னும் பத்தாண்டுக்கு மேல். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு, மாற்றல் உத்தரவு வந்தால் சாமான்களை லாரியில் ஏற்றிவிடலாம். குதிரையை என்ன செய்வீர்கள்?

நம் சங்கம் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. விருப்பமுள்ள குடும்பங்களைத் திரட்டி, வரும் ஜூலையில் ஒரு கால்நடை மருத்துவரோடு நான்கைந்து லாயங்களைப் பார்த்து வரலாம். கொட்டும் மழையில் பார்த்த பிறகும் ஆசை குறையாதவர்கள் தாராளமாகக் குதிரை வாங்கட்டும்.