பிள்ளையின் சுபாவத்தைப் பழிக்குமுன்

படிப்பில் மனம் ஊன்றாத பிள்ளையை மந்தம் என்றும், தொட்டதற்கெல்லாம் சீறுகிற பிள்ளையை முரடு என்றும் முத்திரை குத்தி, வளர்த்த தாயையும் சேர்த்துப் பழிப்பது நம் சமூகத்தின் நெடுநாளைய வழக்கம்; ஆயினும் அந்தச் சுபாவத்துக்கு இரத்தத்தில் கலந்த ஈயமும் காரணமாகலாம் என்று விஞ்ஞானம் அரை நூற்றாண்டாக எச்சரித்து வருகிறது. 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் அமெரிக்க வைத்தியர், பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்துப் பரிசோதித்து, ஈயம் மிகுந்த பற்களுக்குரிய குழந்தைகளிடமே கவனச் சிதறலும் படபடப்பும் மிகுந்திருந்ததை ஆசிரியர்களின் மதிப்பீட்டைக் கொண்டு காட்டினார். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு இது தூரதேசத்து விஷயமன்று. தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில், கொசஸ்தலை ஆற்றைக் கடந்து செல்லும் குழாய்களிலிருந்து அனல்மின் நிலையத்தின் சாம்பற்குழம்பு பல்லாண்டுகளாகக் கசிந்து சேற்றில் படிந்திருக்கிறது. ஈயமும் ஆர்சனிக்கும் பாதரசமும் நிலக்கரிச் சாம்பலில் உள்ளவை. அக்கழிமுகத்தையும் ஏரியையும் இணைப்பது பக்கிங்காம் கால்வாய். 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தச் சாம்பல் மாசுக்கு, அந்த அனல்மின் நிலையத்தை நடத்திய மின் உற்பத்திக் கழகத்தைப் பொறுப்பாக்கியது. பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு, அந்தச் சேறே வயல், அதுவே பிள்ளைகளின் சோறு.

வயதுவந்தோரைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த ஏழைக் குழந்தையின் உடலோ இன்னும் மிகுதியாக ஏற்கும். துடிப்புள்ள பிள்ளைகள் எல்லாரையும் நோயாளிகள் என்பதும், வறுமையும் குறைந்துவரும் மீன்பாடும் குடும்பங்களின் மீது ஏற்றும் பாரத்தை மறுப்பதும் என் நோக்கமன்று. பரிசோதிக்காமல் பழிப்பது அநியாயம் என்பதே என் வாதம்.

ஆகவே, இக்கரையின் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பயிலும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சர்க்கார் தன் செலவில் பரிசோதித்து, முடிவைப் பெற்றோரிடம் தமிழில் விளக்கிச் சொல்லவேண்டும். சாம்பற்கசிவை அடியோடு நிறுத்திப் படிந்ததை அகற்றவேண்டும். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் பெற்றோர், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அதை உருக்காதிருக்கவேண்டும். மீனை உண்ணாதே என்று மீனவனுக்குப் புத்தி சொல்வதல்ல பரிகாரம். அவன் நீரை நஞ்சாக்காதிருப்பதே நம் கடமை.