சத்திரமா, ஹோட்டலா?

ரூம் புக் பண்ற ஆப்ல 'ஹெரிடேஜ்'னு ஒரு ஃபில்டர் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? அதைத் தட்டினா தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், நடுவுல முற்றம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள்ல சிலது இப்போ அப்படித்தான் ஹோட்டல் ஆகியிருக்கு. ஒரு ராத்திரி வாடகையைப் பார்த்துட்டு நாம பேசாம பஸ் ஸ்டாண்ட் லாட்ஜுக்கே போயிடுவோம். ஆனா அங்க விக்கிறது பழைய வீடு. பழைய சத்திரம் வேற.

சத்திரத்துல வாடகை கிடையாது. மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கிற மங்கம்மாள் சத்திரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1689-ல இருந்து 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் பேரைச் சொன்னாலே சாலையும் சத்திரமும்தான் ஞாபகம் வரும். நம்ம தாமிரபரணிப் படித்துறைகளை ஒட்டி நிக்கிற கல் மண்டபங்களும் அப்படித்தான். நடந்து களைச்சு வந்தவன் துண்டை உதறிப் போட்டுப் படுத்துக்கலாம். செக்-அவுட் டைம் எல்லாம் இல்லை.

இதுக்காக உருகிடாதீங்க. வந்தவன்னா எந்த வந்தவன்? 1904-ல காசிக்குப் போன பெரியாருக்கு அங்க ஒரு சத்திரத்துல சாப்பாடு கிடைக்கலை. பிராமணர்களுக்கு மட்டும்தான்னு வெளிய தள்ளிட்டாங்க. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இங்க சேரன்மகாதேவியில வ.வே.சு. ஐயர் நடத்தின குருகுலத்துல பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது 1924-25-ல பெரிய சண்டையாச்சு. பேரைச் சொன்னதும் "எந்தத் தெரு?"ன்னு கேட்கிற ஊர்ல வளர்ந்தவங்களுக்கு, ஆதாரும் அட்வான்ஸும் மட்டும் கேட்கிற ரிசப்ஷன் எவ்வளவு நிம்மதின்னு புரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஹோட்டல் கட்சி. (ஏசியும் ஒரு காரணம். மே மாசம் நெல்லைக்கு வந்து பாருங்க.)

ஆனா ஹோட்டல் கதவு காசுக்குத்தான் திறக்கும். சில நேரம் காசுக்கும் திறக்காது. இன்டர்வியூவுக்காக வேற ஊருக்குப் போன என் கிளாஸ்மேட் கிட்ட ஒரு லாட்ஜ்ல "கூட யாரும் வரலையா?"ன்னு கேட்டுட்டு ரூம் இல்லைன்னுட்டாங்க. சாவி எல்லாம் பின்னாடி வரிசையா தொங்குது!

2023 டிசம்பர் 17 ராத்திரியை நினைச்சுப் பாருங்க. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் வெள்ளத்தால ஸ்ரீவைகுண்டத்துல நின்னுடுச்சு. தண்டவாளத்துக்கு அடியில இருந்த ஜல்லியும் மண்ணும் அடிச்சுட்டுப் போயிடுச்சு. உள்ள சுமார் 800 பேர். கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல தங்க வெச்சாங்க. மிச்ச பேர் 19-ஆம் தேதி மீட்கிற வரைக்கும் ஸ்டேஷன்லயேதான். சோறு பொங்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடி ஜனங்க. சுத்தி வெள்ளமா நிக்கிறப்போ, 800 பேரும் என்ன ஆளுங்கன்னு விசாரிச்சுட்டா உலை வைக்க முடியும்? வாடகையும் கேட்கலை, தெருவும் கேட்கலை. மங்கம்மாள் காலத்துச் சத்திரத்தைவிட நல்ல சத்திரம் அந்த ரெண்டு நாள் அங்க நடந்துச்சு.

அதுக்கு ஒரு வெள்ளம் வரணுமா என்ன? வேலைக்குப் போற பெண்களுக்காக அரசு 'தோழி' விடுதி நடத்துது. நல்ல விஷயம். அதே மாதிரி ஒரு ராத்திரி தங்குறதுக்கும் இடம் வேணும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு நோயாளியோட தென்காசியில இருந்தும் தூத்துக்குடியில இருந்தும் வர்றவங்களுக்கு, பரீட்சை எழுத முந்தின நாளே வர்ற பொண்ணுக்கு, கடைசி பஸ்ஸை விட்டவனுக்கு. தூண்ல சிற்பம் வேண்டாம். ஒரு ஃபேன், பூட்டுற மாதிரி ஒரு லாக்கர், தண்ணி வர்ற பாத்ரூம் போதும். படித்துறை மண்டபத்துக்கு கலர் லைட் போடலாம்னு அடுத்த தடவை யாராவது சொன்னா, முதல்ல இதைக் கேளுங்க.